வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு ஓடிய லைன்

2024 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பினேன். முந்தின நாள் டைரியில் எழுதாமல் விட்டிருந்த இரண்டு வரிகளை எழுதி முடித்தேன். மனைவி எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இரண்டு டிபன் பாக்ஸில் கட்டினாள். சின்னதாக ஒரு ஜெபம், பிறகு தோசை. கிளம்பும்போது அவள் தன் பையில் பைபிளையும் பாட்டுப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்ச்சில் பெண்கள் கூட்டம் உண்டு. ஸ்கூட்டரை ஹைவே சர்வீஸ் ரோட்டில் ஏற்றியபோது லேசாகத் தூறியது. நனையவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே ஷூ ஃபேக்டரியில் வேலை பார்க்கிறோம். ஆம்பூரில் கணவனும் மனைவியும் ஒரே கேட்டுக்குள் நுழைவதை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நான் கீழ்த்தளத்தில் இ.டி.பி. ரூமில். கம்ப்யூட்டர், பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர் எல்லாம் என் பொறுப்பு. அவள் முதல் மாடியில் ஸ்டிச்சிங் பகுதியில் ஒரு லைனுக்கு, அதாவது ஒரு வரிசைத் தையல் மெஷின்களுக்கு, சூப்பர்வைசர். கேட்டைத் தாண்டியதும் நான் அவளுக்கு சார், அவள் எனக்கு மேடம். ஆரம்பத்தில் விளையாட்டாகத் தொடங்கியது, பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

அன்று எனக்கு ஒரு வேலை இருந்தது. பல வாரங்களாகத் திட்டமிட்டிருந்த வேலை. ஃபேக்டரியில் ஷூ பாகங்களை ஏற்றிய எந்த டிராலி எந்தப் பகுதியில் நிற்கிறது, எதில் என்ன கோளாறு என்பதையெல்லாம் பதிந்துவைக்கும் டேட்டாபேஸைப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும். எங்களிடம் ஓடிக்கொண்டிருந்தது பன்னிரண்டாம் பதிப்பு. அந்த வருடக் கடைசியோடு அதற்குத் திருத்தங்கள் நின்றுவிடும். பதினாறுக்குப் போக வேண்டும்.

இந்த டேட்டாபேஸ் கண்டெய்னரில் ஓடுகிறது. இதை ஃபேக்டரி மேனேஜரிடம் சொன்னபோது, "எந்த போர்ட்டுக்குப் போவுது சார்?" என்று கேட்டுச் சிரித்தார். எங்கள் ஊரில் கண்டெய்னர் என்றால் சென்னைத் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகிற லாரிதான். நான் சொன்னது மென்பொருளை அதற்கு வேண்டிய சாமான்களோடு சேர்த்து மூடிவைத்த ஒரு பெட்டி. பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதுப் பெட்டியை வைப்பது சுலபம். ஆனால் தரவு பெட்டிக்குள் இல்லை, வெளியே தனி இடத்தில் இருக்கிறது. பழைய பதிப்பு எழுதிவைத்ததைப் புதிய பதிப்பு அப்படியே படிக்காது. பெட்டியை மட்டும் மாற்றினால் அது கிளம்பவே மறுக்கும். அதனால் பழைய தரவு முழுவதையும் ஒரு ஃபைலாக வெளியே எடுக்க வேண்டும். புதியதற்கு ஒரு காலி இடம் கொடுத்து, அந்த ஃபைலை அதில் இறக்க வேண்டும். எல்லாம் சரி என்று தெரியும்வரை பழைய இடத்தைத் தொடவே கூடாது.

இதையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். தாளின் முதல் வரி: 'அப்ளிகேஷனை நிறுத்து. யாரும் எழுதக் கூடாது.' இரண்டு நாள் முன்பு அந்த வரியை நானே பேனாவால் அடித்துவிட்டேன்.

காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. போன வருடம் ஒரு சின்ன மாற்றத்துக்காக அப்ளிகேஷனை நிறுத்தியபோது, ஒவ்வொரு லைனிலும் இருக்கும் டேப்லட்டில் 'தொடர்பு இல்லை' என்று வந்தது. போன்மேல் போன். மாதாந்திர மீட்டிங்கில் மேனேஜர், "நம்ம சார் கம்ப்யூட்டர ரிப்பேர் பண்ணா ஃபேக்டரிக்கு லீவு விட்டுடலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். இந்த முறை ஒரு டேப்லட்கூட இருட்டாகக் கூடாது, முடிந்த பிறகுதான் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அதற்கு வெள்ளிக்கிழமை மதியம்தான் சரி என்று தோன்றியது. எங்கள் முதலாளி முஸ்லிம். மேனேஜரும், தோல் வெட்டும் கட்டிங் பகுதியில் பாதிப் பேரும் முஸ்லிம்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குப் பெல் அடித்ததும் தொழுகைக்குப் போய்விடுவார்கள். மற்றவர்களும் சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டேகாலுக்குத்தான் மறுபடி பெல். என் டைரியில் பழைய வெள்ளிக்கிழமைகளைப் புரட்டிப் பார்த்தேன். 'மதியம் ஃபேக்டரியே நிசப்தம்', 'இடைவேளையில் எங்கும் வேலை இல்லை, நிம்மதியாக பேக்கப் எடுத்தேன்' என்று பல இடங்களில் எழுதியிருந்தேன். யாரும் வேலை செய்யாத நேரத்தில் யார் எழுதப்போகிறார்கள்? அப்ளிகேஷனை நிறுத்த வேண்டிய தேவையே இல்லை.

என் அறை கட்டிங் பகுதியை ஒட்டி இருக்கிறது. கண்ணாடிக் கதவு, ஏசி. எனக்குக் கேட்பது வெட்டும் பிரஸ்களின் சத்தம் மட்டும்தான். அது நின்றால் ஃபேக்டரி நின்றுவிட்டதாக இத்தனை வருடமாக நினைத்து, அதையே டைரியிலும் எழுதிவந்திருக்கிறேன். தலைக்கு மேலே காங்கிரீட் தளம். அதற்கு மேலே என்ன ஓடுகிறது என்று ஒரு வெள்ளிக்கிழமைகூட நான் படியேறிப் பார்த்ததில்லை.

பன்னிரண்டே முக்காலுக்குத் தொடங்கினேன். பழைய டேட்டாபேஸில் ஒவ்வொரு அட்டவணையிலும் எத்தனை பதிவுகள் என்று எண்ணி எழுதிக்கொண்டேன். பிறகு முழுவதையும் ஃபைலாக எடுத்தேன். அது ஓடும்போது எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன். புதுக் கண்டெய்னரை எழுப்பி, காலி இடத்தில் ஃபைலை இறக்கினேன். எங்கள் சர்வர் பழசு, அதனால் நேரம் பிடித்தது. முடிந்ததும் புதியதில் எண்ணினேன். முன்பு எழுதிவைத்த எண்ணிக்கையோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு டிக் அடித்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை. ஒன்றே முக்கால் வாக்கில் அப்ளிகேஷனைப் புதிய டேட்டாபேஸ் பக்கம் திருப்பினேன். திரும்பச் சில வினாடிகள் ஆயின. பழைய கண்டெய்னரை நிறுத்தினேன், அழிக்கவில்லை.

எண்ணிக்கை சரியாக இருந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நான் ஒப்பிட்டது, தொடங்கும் முன் எண்ணியதோடு. பழையதை நிறுத்துவதற்கு முன் அதை இன்னொரு முறை எண்ணியிருந்தால் வேறு எண் வந்திருக்கும். அது எனக்குத் தோன்றவே இல்லை. மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினேன்: 'சார், டேட்டாபேஸ் மாற்றம் முடிந்தது. ஒரு நிமிடம்கூட எதுவும் நிற்கவில்லை.' அவர் பள்ளிவாசலிலிருந்து வரும் வழியில் கட்டைவிரல் படம் போட்டார். அதை இரண்டு மூன்று தடவை திறந்து பார்த்துக்கொண்டேன்.

மூன்றரை மணிக்கு மேனேஜர் போன் செய்தார். "சார், லேப்டாப்ப எடுத்துக்கினு மேல வாங்க. ஒரு டிராலி மேட்டர்."

மேலே போனபோது ஸ்டிச்சிங் பகுதியின் மறுகோடியில், பக்கிள் வைக்கும் மேஜையைச் சுற்றிக் கூட்டமாக இருந்தது. நடுவில் என் மனைவி நின்றாள். மேஜைமேல் குழந்தைகள் ஷூவின் மேல்பகுதிகள், நாங்கள் அப்பர் என்று சொல்வது, ஒரு டிராலி அளவுக்கு. பாதிக்குப் பக்கிள் வைத்து முடித்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். மதியம் அவள் லைனில் ஒரு டெய்லருக்குத் தையல் மெஷினில் ஊசி உடைந்திருக்கிறது. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளும் கிடைக்க வேண்டும், தாளில் ஒட்டிச் சேர்த்துப் பார்த்தால் முழு ஊசியாக வர வேண்டும். நுனி மட்டும் கிடைக்கவில்லை. அப்படியானால் அந்த டிராலியை டேப்லட்டில் 'ஹோல்டு' போட்டு நிறுத்த வேண்டும். ஸ்கேன் செய்தால் சிவப்பு காட்டும், யாரும் நகர்த்தமாட்டார்கள். பிறகு ஒவ்வொரு அப்பரையும் ஊசி கண்டுபிடிக்கும் மெஷினில் விட்டுப் பார்க்க வேண்டும். பக்கிள் வைப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும். பக்கிள் உலோகம், அதை வைத்துவிட்டால் மெஷின் எல்லாவற்றுக்கும் கத்தும். அதற்குப் பிறகு நுனி உள்ளே இருந்தால், எங்கோ ஒரு குழந்தையின் காலில்தான் அது தெரியவரும்.

என் மனைவி டிராலியை மூலையில் தள்ளிவைத்துவிட்டு, ஊசி மெஷின் ஆபரேட்டர் தொழுகையிலிருந்து வரக் காத்திருந்தாள். அவன் வந்ததும் மூலைக்குப் போனால் டிராலி இல்லை. தேடித் தேடி இந்த மேஜையில் கண்டுபிடிப்பதற்குள் மூன்று மணி தாண்டிவிட்டது.

"யாரு இத தள்ளிக்கினு வந்தது?" என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பக்கிள் மேஜையில் இருந்த பெண் சொன்னாள்: "நான்தான்க்கா. ஸ்கேன் பண்ணேன், பச்சை காமிச்சுது. பச்சை காமிச்சா எட்துக்கலாம்னுதான சொல்லிக்கிறாங்க. நான் இன்னா ஜோசியமா பாப்பேன்?"

முன்பெல்லாம் ஹோல்டு போட்ட டிராலியில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டுவார்கள். டேப்லட் வந்தபோது அது எதற்கு, திரையில் சிவப்பு வந்தால் போதாதா என்று சொல்லி அட்டையை நிறுத்தச் சொன்னவன் நான்.

மேனேஜர் தலையில் தொப்பியை இன்னும் கழற்றவில்லை. கோபமாகவும் இல்லை. "இன்னாம்மா, ஹோல்டு போட்டியா, இல்ல போடணும்னு நெனச்சிட்டு வேற வேலைய பாக்கப் பூட்டியா? வேலை ஜாஸ்தி. நடக்கறதுதான்."

"போட்டேன் சார். என் கையால போட்டேன். சிவப்பு வந்ததையும் பாத்தேன்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்துச் சொல்லுங்க சார்."

லேப்டாப்பை மேஜையின் ஓரத்தில் வைத்து டிராலி எண்ணை அடித்தேன். "இந்த டிராலிக்கு இன்னிக்கு ஹோல்டு எதுவும் இல்ல சார்."

"நல்லா பாருங்க" என்றாள் அவள்.

"பாத்துட்டேன் மேடம். போட்டிருந்தா கண்டிப்பா இருக்கும். சிஸ்டத்துல போட்டது எங்கயும் போவாது."

இதை நான் மரியாதையாகத்தான் சொன்னேன். குரலைக்கூட உயர்த்தவில்லை. இப்போது யோசித்தால் அந்த மரியாதைதான் உறுத்துகிறது. வேறு யாராவது சூப்பர்வைசராக இருந்தால் 'ஒரு நிமிஷம் இருங்க, பாத்துட்டு சொல்றேன்' என்று சொல்லியிருப்பேன். சொந்த மனைவி என்பதால் பாரபட்சம் பார்க்காதவன் என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அதோடு நிறுத்தவும் இல்லை. "எத்தன மணிக்குப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு மணிக்கு மேல. ஒன்னேகால் இருக்கும்."

"வெள்ளிக்கிழமை ஒன்னேகாலுக்கு லைனே ஓடாதே மேடம்."

ஊசி உடைந்த அந்த டெய்லர் பெண்தான் முதலில் சிரித்தாள். "இன்னா சார், எந்த ஃபேக்டரில வேலை செய்றீங்க நீங்க? வெள்ளிக்கிழமன்னா நாங்க ஒரு மணிக்கே மெஷின்ல உக்காந்துருவோம். அதனாலதான் நாலரைக்கு வுட்றாங்க. ஜோலார்பேட்ட பாசஞ்சர புடிக்கணும்ல?"

"உங்க வூட்டம்மாவ கேளுங்க சார்" என்றாள் இன்னொருத்தி. "அவங்கதான் எங்கள ஓட்றது."

"எத்தன வருஷமா?" என்று என் வாய் கேட்டது.

"நான்தான் பர்மிஷன் குடுத்தேன்" என்றார் மேனேஜர். "ஆம்பளைங்க தொழுவ போற நேரத்துல லேடீஸ் சும்மா இன்னாத்துக்கு உக்காரணும், ஓட்டிட்டு சீக்கிரம் போவட்டும்னு. இந்த மாடி கட்ன நாள்லேர்ந்து அப்படித்தான். உங்களுக்குத் தெரியாது?"

அந்த நொடியிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நான் ஃபைல் எடுக்கத் தொடங்கியதற்கும் புதியதன் பக்கம் திருப்பியதற்கும் நடுவே மேலே ஒரு லைன் ஓடியிருக்கிறது. அதில் பதிந்ததெல்லாம் பழைய டேட்டாபேஸில் போய் விழுந்திருக்கிறது. நான் கதவைச் சாத்தியதும் அதற்குள்ளேயே நின்றுவிட்டது. அவள் சிவப்பைப் பார்த்தது உண்மை. நான் திருப்பியதும் அது பச்சையாகிவிட்டது.

அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். 'என் தப்பு' என்று ஒரு வார்த்தை. லேப்டாப்பை மூடிக்கொண்டு, "செக் பண்ணிட்டு வர்றேன் சார்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. என் முகத்தில் என்ன ஓடுகிறது என்பதைப் படித்துவிட்டு, நான் வாயைத் திறக்கக் காத்திருக்கிற மாதிரி பார்த்தாள். நான் படியிறங்கினேன். பின்னால் மேனேஜரின் குரல் கேட்டது: "சரி வுடும்மா, மறந்துட்ட. இப்ப இத இன்னா பண்றதுன்னு பாப்போம்."

அவள் பதில் சொன்னாளா என்பது எனக்குக் கேட்கவில்லை.

கீழே வந்து, நிறுத்திவைத்த பழைய கண்டெய்னரை வேறு பெயரில் எழுப்பினேன். தேட வேண்டிய அவசியமே இல்லாமல் கடைசிப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு மணி பதினெட்டுக்கு ஹோல்டு. காரணம்: ஊசி நுனி கிடைக்கவில்லை. போட்டவர் இடத்தில் அவளுடைய பணியாளர் எண். முன்னும் பின்னுமாக அந்த லைனின் மற்றப் பதிவுகள். அவற்றை அப்படியே புதியதில் சேர்க்கவும் முடியவில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் டேட்டாபேஸ் ஒரு வரிசை எண் கொடுக்கும். புதியது தனக்குத் தெரிந்த கடைசி எண்ணிலிருந்து தொடர்ந்து கொடுத்திருந்தது. அவள் போட்ட ஹோல்டின் எண்ணில் இப்போது வேறு யாரோ வேறு டிராலிக்குப் போட்ட பதிவு உட்கார்ந்திருந்தது. புதிய எண்கள் கொடுத்து ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியிருந்தது. முதலில் ஹோல்டைச் சேர்த்தேன்.

பிறகு, அந்த வேலைக்குத் தேவையே இல்லாத ஒன்றைச் செய்தேன். கடந்த வருடங்களின் வெள்ளிக்கிழமைகளில், ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவே ஏதாவது பதிவு உண்டா என்று கேட்டேன். ஒரே வரிக் கேள்வி. பதில் திரையை நிறைத்துக்கொண்டு ஓடியது. வாரா வாரம், விடாமல். பெரும்பாலானவற்றில் அவள் எண். அவளுக்குக் காய்ச்சல் வந்த வாரங்களில் மட்டும் வேறு எண். இந்தக் கேள்வியைக் காலையில் கேட்டிருக்கலாம். மேலே அவளைக் கேட்டிருக்கலாம். டிபன் பாக்ஸ் மூடும்போதுகூடக் கேட்டிருக்கலாம். நான் என் டைரியைக் கேட்டேன்.

மேனேஜரை அவருடைய கேபினில் தனியாகப் பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டிராலி புடிபட்டிச்சில்ல, அந்த மட்டும் நல்லது. எண்ட்ரிலாம் சரி பண்ணிட்டீங்களா?"

"பண்ணிக்கினு இருக்கேன் சார். லைன்ல வந்து சொல்லட்டுமா?"

"இன்னாத்துக்கு சார்? சிஸ்டம் முழுங்கிடிச்சுன்னு நீங்களே சொன்னா, நாளையிலேர்ந்து எவ எத மறந்தாலும் சிஸ்டம் முழுங்கிடிச்சும்பா. பெரிய பேஜார். உங்க சம்சாரம்தான? வூட்ல சொல்லிக்கோங்க."

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதி ஒரு பயனும் இல்லை. கேபினை விட்டு வெளியே வந்தபோது எனக்கு உண்மையாகவே நிம்மதியாக இருந்தது.

நாலரைக்கு யாரும் போகவில்லை. வைத்த பக்கிளையெல்லாம் கழற்றி, ஒவ்வொரு அப்பரையும் மெஷினில் விட்டார்கள். பாசஞ்சர் போய்விட்டது. மேனேஜர் ஒரு வேன் பேசினார். ஆனால் வேன் ஜோலார்பேட்டை வரைதான். அதற்கு மேல் ஊர்களுக்குள் போகிறவர்கள் யார் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார்கள். 'அண்ணன ஸ்டேஷனுக்கு வரச் சொல்லு', 'புள்ளைக்குப் பால் காய்ச்சிக் குடு' என்பதெல்லாம் மாடிப்படியிலேயே கேட்டது. பதிவுகளைச் சேர்த்து முடித்துவிட்டு மேலே ஏறினேன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர்களைப் போலவே பக்கிளைக் கழற்ற ஒரு அப்பரை எடுத்தேன். மனைவி அதை என் கையிலிருந்து வாங்கினாள்.

"தோலு கிழிஞ்சிடும் சார். நீங்க கீழ போங்க."

"சும்மா இருக்கட்டும்க்கா" என்றாள் டெய்லர் பெண். "லைன் ஓட்றத பாக்காதவரு, ஒரு நாள் பாக்கட்டும்."

சிரிப்பு எழுந்தது. மனைவி சிரிக்கவில்லை. நான் கீழே போனேன்.

ஆறு மணிக்குள் நுனி கிடைத்தது. இடது கால் அப்பர் ஒன்றில், லைனிங்குக்கும் தோலுக்கும் நடுவில். பக்கிள் வைத்து முடித்திருந்த பாதியில் அது இருந்ததாக ஆபரேட்டர் வந்து சொன்னான். துண்டுகளைத் தாளில் ஒட்டி, முழு ஊசியாக்கி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது பை எங்கள் நடுவில் இருந்தது. பைபிள் முதுகில் குத்தியது. பெண்கள் கூட்டம் முடிந்திருக்கும். ஹைவேயில் மேம்பால வேலைக்காக வண்டிகளை ஓரம் கட்டியிருந்த இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. திரும்பாமலே சொன்னேன்: "நீ போட்ட ஹோல்டு இருக்கு. பழைய டேட்டாபேஸ்ல இருக்கு."

"தெரியும்."

"எப்படி?"

"நான்தானங்க போட்டேன்."

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்" என்றேன்.

"லைன்ல?"

நான் முன்னால் நின்ற வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்தேன்.

"வண்டிய எடுங்க. பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்."

வீட்டில் அவள் உப்புமா கிளறினாள். சாப்பிடும்போது கேட்டாள்: "வெள்ளிக்கிழமை நான் நாலரைக்கு எப்படி வெளிய வர்றேன்னு நெனச்சிருந்தீங்க?"

"சர்ச் கூட்டத்துக்கு பர்மிஷன் போட்றேன்னு நெனச்சேன்."

"வாரா வாரம் எவன் பர்மிஷன் குடுப்பான்? முதலாளி என் மாமனா?" அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். "நான் மறந்துட்டேன்னு அந்தப் பொண்ணுங்க நெனச்சிக்கினு வேன்ல ஏறிப் போறாளுங்க. ஊசி உடைஞ்சா மறைக்காதீங்க, மறக்காதீங்கன்னு தெனமும் கத்தறவ நானு. நாளைக்கு எந்த மொகத்த வெச்சிக்கினு கத்துவேன்?"

டைரியை எடுத்து உட்கார்ந்தேன். 'டேட்டாபேஸ் பதினாறாம் பதிப்புக்கு மாற்றப்பட்டது. இடைப்பட்ட நேரத்துப் பதிவுகள் விடுபட்டு, பின்னர் சேர்க்கப்பட்டன' என்று எழுதினேன். எல்லாம் சரிதான். யார் விட்டது, யாரை நிற்கவைத்தது என்று அந்த வரிகளில் எங்கும் இல்லை. மூடிவைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. வழக்கமாக ஃபேக்டரிக்குள் நுழைந்ததும் நான் முதலில் இ.டி.பி. ரூமைத் திறந்து, ஏசி போட்டு, இரவு பேக்கப் எடுத்தாயிற்றா என்று பார்ப்பேன். அன்று ரூமைத் திறக்கவில்லை. பையோடு நேராக மாடி ஏறினேன். பெல் அடிக்கும் முன் ஒவ்வொரு லைனிலும் சூப்பர்வைசர் முன்னால் நின்று அன்றைய வேலையைச் சொல்வது வழக்கம். என் மனைவி டப்பாவில் ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எண்ணுவதை நிறுத்தினாள்.

"ஒரு நிமிஷம் மேடம்" என்றேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

"நேத்து ஒன்னேகாலுக்கு மேடம் ஹோல்டு போட்டாங்க. அவங்க மறக்கல. அந்த நேரத்துல யாரும் வேலை செய்யமாட்டீங்கன்னு நெனச்சி, சிஸ்டத்த நிறுத்தாம நான் டேட்டாபேஸ மாத்தினேன். அதுல அவங்க போட்டது வுட்டுப்போச்சு. இல்லன்னு நான் சொன்னது தப்பு. உங்க டிரெயின் போனதும் என்னாலதான்."

பெல் அடித்தது. ஒன்றிரண்டு மெஷின்கள் கிளம்பின. டெய்லர் பெண் காலைப் பெடலிலிருந்து எடுத்தாள். "அப்ப அந்த சிவப்பு அட்டைய திருப்பிக் கட்லாமா சார்?"

"கட்டுங்க."

"எங்க அண்ணன் ஸ்டேஷன்ல ஒரு மணி நேரம் நின்னாரே, அத யாரு சேத்துத் தருவா?"

மனைவி ஊசி டப்பாவை மூடினாள். என்னைப் பார்க்காமல் லைனின் மறுகோடியைக் காட்டினாள்.

"கடைசி ரோவுக்குக் கேக்கல சார். மெஷின் ஓடுது. அங்க போய் இன்னொரு வாட்டி சொல்லுங்க."

போய், அங்கே நின்று, முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.